ரெட் டொட்டா, குட்டித் தொலைநோக்கியா? கொழும்பு வானத்துக்குக் குறிபார்க்கும் கருவி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் மொட்டைமாடியில் தொலைநோக்கி வைத்து வானம் பார்ப்பவன் நான். பார்க்க வருபவர்கள் சனியின் வளையத்தைப் பற்றிக் கேட்பதைவிட, குழாயின் தோளில் உட்கார்ந்து, அதை வானத்தில் எங்கே திருப்புவது என்று சிவப்புப் புள்ளியால் காட்டும் 'ரெட் டொட்' என்ற அந்தச் சிறிய கறுப்புப் பெட்டியைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். சொன்னதையே திரும்பச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்தது இது.

அந்தச் சிவப்புப் புள்ளி என்ன, லேசரா? வானத்துக்குப் போகிறதா?

இல்லை. லேசர்போல வெளியே பாயும் கதிர் எதுவும் இதில் இல்லை. பெட்டிக்குள் கடுகளவு சிவப்பு எல்ஈடி இருக்கிறது. அதற்கு முன்னால், கொஞ்சம் வளைந்த ஒரு கண்ணாடித் துண்டு. எல்ஈடி சரியாக அந்த வளைவின் குவியத்தில் இருப்பதால், கண்ணாடியில் பட்டுத் திரும்பும் கதிர்கள் ஒன்றுக்கொன்று இணையாகிக் கண்ணுக்கு வருகின்றன. இணையாக வரும் வெளிச்சத்தை நம் கண் 'மிகத் தூரத்தில் இருந்து வருகிறது' என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே புள்ளி கண்ணாடியில் ஒட்டியிருப்பதுபோல் அல்லாமல், வெள்ளிகளின் (நட்சத்திரங்களின்) நடுவே தொங்குவதுபோலத் தெரியும். தலையைச் சற்று அசைத்தாலும் புள்ளி அதே வெள்ளியில்தான் நிற்கும். இரண்டு கண்களையும் திறந்து வைத்தே பார்க்கலாம். உருப்பெருக்கம் எதுவும் கிடையாது.

துப்பாக்கியில் பூட்டும் ரெட் டொட்டும் இதுவும் ஒன்றுதானா?

தத்துவம் ஒன்றேதான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த யோசனைக்கு 1900இல் காப்புரிமை எடுத்தவர் ஹவார்ட் கிரப். டப்ளினில் பெரிய பெரிய தொலைநோக்கிகள் செய்து கொடுத்த குடும்பத்துக்காரர். துப்பாக்கிக்கென்று அவர் வடிவமைத்ததை, எல்ஈடி வந்த பிறகு 1975இல் சுவீடனின் எய்ம்பொயின்ட் நிறுவனம் மின்சாரப் புள்ளியாக்கி விற்றது. அப்புறம் அதே சாமான் மலிந்து, பிளாஸ்டிக்காகி, தொலைநோக்கியின் முதுகில் ஏறிக்கொண்டது. ஆக, தாய்வீட்டுக்குத்தான் திரும்பி வந்திருக்கிறது.

தொலைநோக்கியே இருக்கும்போது குறிபார்க்க இன்னொன்று எதற்கு?

தொலைநோக்கி ஒரு சமயத்தில் வானத்தில் எவ்வளவு காட்டும் என்று கணக்குப் பார்த்தால் புரியும். பலர் முதலில் வாங்கும் 130 மில்லிமீற்றர் விட்டமும் 650 மில்லிமீற்றர் குவியத்தூரமும் கொண்ட குழாயில், 10 மில்லிமீற்றர் கண்வில்லை போட்டால் 65 மடங்கு. தெரியும் வானத்தின் அகலம் முக்கால் பாகை, அதாவது ஒன்றரை நிலா. கதவுச் சாவித் துவாரம் வழியாகக் காலிமுகத்திடலில் ஒரு பட்டத்தைத் தேடுவதுபோலத்தான். குறிபார்க்கும் கருவி இல்லாமல் வியாழனைக்கூடப் பிடிக்க முடியாமல் அரைமணி நேரம் தடவிவிட்டு, குழாயைக் கட்டிலுக்கடியில் தள்ளியவர்களை எனக்குத் தெரியும்.

சரி, கொழும்பில் இருப்பவர் எதை வாங்க வேண்டும்? ரெட் டொட்டா, வில்லை வைத்த ஃபைண்டரா?

இதுதான் உண்மையான கேள்வி. வில்லை ஃபைண்டர் என்பது குறிபார்ப்பதற்காகப் பெரிய குழாயின்மேல் பூட்டும் ஒரு குட்டித் தொலைநோக்கி. வெளிநாட்டுக்காரர்கள் தரும் பதிலை அப்படியே எடுத்துக்கொண்டால் ஏமாறுவோம். "ரெட் டொட் போதும், சுலபம்" என்று அவர்கள் எழுதுவது இருட்டு வானத்தில் நின்றுகொண்டு. ரெட் டொட் உங்கள் கண்ணுக்குத் தெரிவதை மட்டும்தான் காட்டும். கண்ணுக்கே தெரியாத இடத்தில் புள்ளியை எதன்மேல் வைப்பது?

ஓர் உதாரணம். பூச நட்சத்திரம் இருக்கும் இடத்தில் ஓர் அழகான வெள்ளிக்கூட்டம் இருக்கிறது. ஊரில், மின்சாரம் போன இரவில், வெறுங்கண்ணுக்கே பஞ்சுத் துண்டுபோலத் தெரியும். வெள்ளவத்தையில் அந்தப் பக்கமே வெறிச்சென்று சாம்பல் நிறம். புனர்பூசத்தின் இரட்டை வெள்ளிகள் தெரியும், அந்தப் பக்கம் மகம் தெரியும், நடுவில் ஒன்றுமில்லை. ரெட் டொட்டை வைத்துக்கொண்டு "புனர்பூசத்துக்கும் மகத்துக்கும் இடையில், புனர்பூசப் பக்கம் கொஞ்சம் சாய்ந்து" என்று குருட்டாம்போக்கில் குறிவைக்க வேண்டியதுதான். அதே இடத்தை 9×50 (9 மடங்கு, 50 மில்லிமீற்றர் வில்லை) ஃபைண்டரில் துழாவினால், சில விநாடிகளில் கைப்பிடி அரிசி இறைத்ததுபோல வெள்ளிகள் வந்து விழும். 50 மில்லிமீற்றர் வில்லை, நன்றாக விரிந்த 7 மில்லிமீற்றர் கண்மணியைவிடச் சுமார் 50 மடங்கு வெளிச்சம் சேர்க்கும். அதோடு, ஏறக்குறைய 5 பாகை, பத்து நிலா அகல வானத்தை ஒரே பார்வையில் காட்டும்.

(இதைத் தைப்பூசத்தன்று முயன்று பார்க்காதீர்கள். அன்று முழுநிலா பூசத்துக்குப் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கழுவிவிடும். போயா (முழுநிலா நாள்) விடுமுறை கிடைக்கும் இரவுகள்தான் நமக்கு உதவாத இரவுகள் என்பது இந்தப் பொழுதுபோக்கின் சாபம்.)

ஆகவே என் தீர்ப்பு இப்படி. நிலா, வியாழன், சனி, செவ்வாய், சில இரட்டை வெள்ளிகள், இவை போதும் என்பவருக்கு ரெட் டொட் தாராளம். மங்கலான கூட்டங்களையும் புகைமண்டலங்களையும் மொட்டைமாடியிலிருந்தே தேடுபவருக்கு வில்லை ஃபைண்டர் வேண்டும். குழாய் நீண்ட குவியத்தூரக்காரன் என்றால், உதாரணமாக 1500 மில்லிமீற்றர் மக்சுடோவ் வகைத் தொலைநோக்கி என்றால், 25 மில்லிமீற்றர் கண்வில்லையிலேயே ஒரு பாகைக்கும் குறைவாகத்தான் தெரியும். அங்கே யோசிக்கவே வேண்டாம், வில்லைதான். இரண்டையும் பூட்டுவதுதான் சொகுசு: புள்ளியால் ஏறக்குறையக் குறி, வில்லையால் நுணுக்கம். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன், ஆனால் அது மூன்றாம் ஆண்டில்.

என் வானம் எப்படிப்பட்டது என்று எனக்கு எப்படித் தெரியும்?

பெப்ரவரி மாதம், நிலா இல்லாத ஓர் இரவு, எட்டு மணிக்கு மாடிக்குப் போங்கள். கார்த்திகைக் கூட்டத்தில் எத்தனை வெள்ளிகளை எண்ண முடிகிறது? ஆறு என்றால் கொடுத்து வைத்தவர், ரெட் டொட்டே போதும். இரண்டு மூன்று, அல்லது 'ஏதோ ஒரு மங்கல்' என்றால், நீங்களும் என் கட்சி.

6×30, 9×50 என்ற எண்கள் என்ன?

முதலாவது எத்தனை மடங்கு, இரண்டாவது முன்வில்லையின் விட்டம் மில்லிமீற்றரில். பைனாகுலரில் போட்டிருப்பதுபோலத்தான். நகரத்துக்கு இரண்டாவது எண்தான் முக்கியம்.

நேராகப் பார்க்கும் ஃபைண்டரா, வளைந்த ஃபைண்டரா?

வளைந்தது. செங்கோணமாகத் திரும்பி, படத்தைத் தலைகீழாக்காமல் காட்டும் வகை. காரணம் கழுத்து. கொழும்பு ஏறக்குறைய 7 பாகை வட அகலாங்கில் இருப்பதால், கோள்கள் போகும் பாதை நம் உச்சந்தலையை ஒட்டியே போகிறது. மிருகசீரிடத்துக்குக் கீழே தெரியும் அந்தப் பெரிய புகைமண்டலம்கூட உச்சியில் இருக்கும்போது கிட்டத்தட்ட 78 பாகை உயரத்தில் நிற்கும். நேர் ஃபைண்டரிலோ ரெட் டொட்டிலோ அதைப் பார்க்க, நிலத்தில் மண்டியிட்டு, முகத்தை வானத்துக்குத் திருப்பி, ஏதோ நேர்த்திக்கடன் செலுத்துபவர்போல நிற்க வேண்டிவரும். இருபது வயதில் பரவாயில்லை.

நேர் ஃபைண்டரின் இன்னொரு தொல்லை, பெரும்பாலும் படம் தலைகீழாகத் தெரிவது. வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும்.

டெல்ராட் என்று ஒன்றைச் சொல்கிறார்களே?

புள்ளிக்குப் பதிலாக மூன்று சிவப்பு வட்டங்கள் காட்டும் ஃபைண்டர். அரை பாகை, 2 பாகை, 4 பாகை. வட்டங்களின் அளவு தெரிந்திருப்பதால், வரைபடத்தில் வட்டம் போட்டுப் பார்த்து அதேபோல வானத்தில் பொருத்தலாம். கண்ணுக்குத் தெரியாத பொருளையும் அக்கம்பக்கத்து வெள்ளிகளை வைத்துப் பிடிக்க உதவும். ரெட் டொட் குடும்பத்தில் எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் அந்த அக்கம்பக்கத்து வெள்ளிகளாவது தெரிய வேண்டுமே. பெட்டியும் பெரிது, சின்னக் குழாயில் வைத்தால் எலியின் முதுகில் தேங்காய்.

அண்ணா, வெளிநாட்டிலிருந்து மச்சான் வருகிறார். துப்பாக்கிக்கான நல்ல ரெட் டொட் ஒன்று கொண்டுவரச் சொல்லி இதில் பூட்டலாமா?

தம்பி, வேண்டாம். மூன்று காரணம்.

ஒன்று, அதில் நீங்கள் காசு கொடுப்பது சுடும்போது வரும் உதைப்பைத் தாங்கும் உறுதிக்கும், பட்டப்பகலிலும் புள்ளி பளிச்சென்று தெரிவதற்கும். தொலைநோக்கி யாரையும் உதைப்பதில்லை. பகலுக்கென்று செய்த புள்ளியை ஆகக் குறைத்து வைத்தாலும் இரவில் அது வெள்ளியை விழுங்கிவிடும் அளவுக்கு எரியலாம். இரவுப் பார்வைக் கருவிகளுக்கென்று தனியாகக் குறைத்த அளவு உள்ளவையும் உண்டு, அவை வெறுங்கண்ணுக்கே தெரியாது. நமக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில். அதோடு, புள்ளியைத் திருப்பி அனுப்பவென்று அந்தக் கண்ணாடிகளில் பூசியிருக்கும் பூச்சு, உள்ளே வரும் வெளிச்சத்தையும் கொஞ்சம் தின்றுவிடும், காட்சி நீலமாகும். கொழும்பு வானத்தில் இழப்பதற்கு நம்மிடம் வெளிச்சம் இல்லை.

இரண்டு, பூட்டும் அடி வேறு. துப்பாக்கியில் பிக்காட்டினி என்ற பல்வரிசைத் தண்டு, தொலைநோக்கியில் வழுக்கிச் செருகும் சின்ன அடிப்பிடி. இடையே ஒரு மாற்றுத்துண்டு தேட வேண்டும்.

மூன்று, இலங்கையில் துப்பாக்கி என்பது 1916ஆம் ஆண்டுச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரத்தோடு வைத்திருக்க வேண்டிய சாமான். அதற்கான பாகம் என்று எழுதிய பெட்டியை மச்சானின் பயணப்பையில் வைத்து, கட்டுநாயக்க விமான நிலையத்தில் அவரை விளக்கம் சொல்ல வைப்பது உறவுக்கு நல்லதில்லை. தொலைநோக்கி ஃபைண்டர் என்றே விற்கப்படுவதை வாங்குங்கள்.

புள்ளி எவ்வளவு சிறிதாக இருக்க வேண்டும்? எம்ஓஏ என்று எழுதியிருக்கிறது.

ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. நம் பஞ்சாங்கக்காரர் 'கலை' என்று சொல்வது அதுவேதான். துப்பாக்கிக்காரருக்கு ஒரு கலை என்றால் 100 மீற்றரில் கிட்டத்தட்ட 3 சென்ரிமீற்றர். நமக்கு, நிலாவின் அகலம் ஏறக்குறைய 30 கலை. 5 கலைப் புள்ளி நிலாவின் அகலத்தில் ஆறில் ஒரு பங்கை மறைக்கும், வியாழனை முழுதாகவே மறைக்கும், ஏனென்றால் வியாழன் ஒரு கலைகூட இல்லை. குறிபார்க்க இது பெரிய குறையில்லை. புள்ளியின் அளவைவிட, வெளிச்சத்தை எவ்வளவு தாழ்த்த முடியும் என்பதைப் பாருங்கள். வாங்கும்போது விளக்கை அணைத்த மூலையில் வைத்துச் சோதிக்க வேண்டியது அதைத்தான்.

எப்படிச் சரிசெய்வது? எவ்வளவு செய்தும் ஒன்றும் பிடிபடவில்லை.

பகலில், தூரத்தில் இருக்கும் ஒன்றை வைத்து. அந்தத் 'தூரத்தில்' என்ற சொல்லில்தான் நான் ஒரு வாரம் தொலைத்தேன்.

முதல் தொலைநோக்கி வந்த அன்று, பொறுக்க முடியாமல், எதிர்வீட்டுத் தண்ணீர்த் தாங்கியின் மூடியை வைத்து ரெட் டொட்டை அச்சொட்டாகச் சரிசெய்தேன். இரவு சனியின்மேல் புள்ளியை வைத்தால் கண்வில்லையில் கறுப்பு. ஏழு நாள் இதே கதை. கருவியில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, விற்றவரோடு சண்டை பிடிக்கவும் தயாராகிவிட்டேன். பிறகுதான் கடதாசியில் கணக்குப் போட்டேன். ஃபைண்டர் குழாயின் நடுவிலிருந்து 12 சென்ரிமீற்றர் தள்ளி இருக்கிறது. தாங்கி 15 மீற்றர் தூரத்தில். இரண்டும் ஒரே மூடியைப் பார்க்க, ஃபைண்டர் ஏறக்குறைய அரை பாகை சாய்ந்தாக வேண்டும். நான் பார்த்த வானத்தின் அகலமே முக்கால் பாகை, நடுவிலிருந்து ஓரம்வரை அதில் பாதிதான். சனி ஒவ்வொரு நாளும் ஓரத்துக்குச் சற்று வெளியே நின்று சிரித்திருக்கிறது.

அதே 12 சென்ரிமீற்றரை ஒரு கிலோமீற்றர் தூரத்துக்குக் கணக்குப் போட்டால் அரைக் கலைகூட வராது. இப்போது நான் தாமரைக் கோபுரத்தின் உச்சியைத்தான் பிடிக்கிறேன். 350 மீற்றர் உயரத்துக்கு நிற்பதால் கொழும்பின் பெரும்பாலான மாடிகளிலிருந்து தெரியும், இரவில் விளக்கும் எரியும். முதலில் குறைந்த மடங்குக் கண்வில்லையில் கோபுர உச்சியை நடுவில் கொண்டுவந்து குழாயை இறுக்குங்கள். பிறகு ஃபைண்டரின் திருகுகளைத் திருப்பிப் புள்ளியை அங்கே கொண்டுவாருங்கள். பின்பு கூடிய மடங்கில் ஒருமுறை. ஃபைண்டரைத்தான் நகர்த்த வேண்டும், குழாயை அல்ல. இதைத் தலைகீழாகச் செய்பவர்கள் அதிகம்.

துருவ வெள்ளியை வைத்துச் சரிசெய்யலாமா?

நமக்கு அது அடிவானத்துக்கு மேல் 7 பாகையில்தான். அந்த உயரத்தில் கொழும்பில் இருப்பது அடுத்த தொடர்மாடியின் மூன்றாம் மாடி.

எனக்குப் புள்ளி வட்டமாக இல்லை. வால் முளைத்ததுபோல, சிலந்திபோலத் தெரிகிறது. பழுதா?

கைபேசிக் கமராவை அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் பிடித்து ஒரு படம் எடுங்கள். படத்தில் வட்டமாக வந்தால் கருவி நல்லது, உங்கள் கண்ணில் சிதறல் பார்வை இருக்கலாம். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டே பாருங்கள், ரெட் டொட்டுக்கு அது தடையே இல்லை. வெளிச்சத்தைக் குறைத்தாலும் வால் சுருங்கும். இந்தப் புள்ளியைப் பார்த்த பிறகு கண் வைத்தியரிடம் போய்க் கண்ணாடி எழுதிக்கொண்டவர் எங்கள் மாடியிலேயே ஒருவர் இருக்கிறார்.

ஏசி அறையிலிருந்து வெளியே கொண்டுபோனதும் கண்ணாடி புகைந்துவிடுகிறது.

குளிர்ந்த கண்ணாடியில் நம் ஊர் ஈரக்காற்று பட்டால் வேறென்ன நடக்கும்? குளிர்ச் சோடாப் போத்தல் வியர்ப்பதுபோல வியர்க்கும். துடைக்காதீர்கள், துடைக்கத் துடைக்க மறுபடி வரும். பெட்டியை மூடியபடியே அரைமணி நேரம் மாடியில் வையுங்கள். அல்லது இரவு பார்க்கப்போகும் நாளில் ஏசி இல்லாத அறையில் வைத்திருங்கள்.

புகையைவிடப் பயப்பட வேண்டியது பூஞ்சணம். மழைக்காலத்தில் இரண்டு மாதம் துணிப்பையில் சுற்றி அலமாரியில் வைத்தால், வில்லைக்குள் சிலந்திவலைபோல வெள்ளை நூல் ஓடும். உள்ளே வந்தால் கழற்றிச் சுத்தம் செய்வது லேசில்லை. காற்றுப்புகாத பிளாஸ்டிக் பெட்டி, அதற்குள் நிறம் மாறும் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி. ஈரம் நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் இருந்தால் போதும். இந்த விஷயத்தில் ரெட் டொட்டுக்கு ஒரு புள்ளி கூட: ஒரே கண்ணாடி, திறந்த பெட்டி, பூஞ்சணம் ஒளிய இடமில்லை. கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் உப்பையும் கவனியுங்கள். சாரம், சேலைத் தலைப்பால் துடைத்தால் உப்புத்தூள் கண்ணாடியைக் கீறும். முதலில் ஊதுகுமிழால் ஊதுங்கள்.

பற்றரி?

பெரும்பாலானவற்றில் சிஆர் 2032 என்ற பொத்தான் பற்றரி, புறக்கோட்டையில் எங்கும் கிடைக்கும். மறந்து எரியவிட்டுப் போவதுதான் அதைக் கொல்வது. உதிரி ஒன்றைப் பெட்டிக்குள் ஒட்டி வையுங்கள். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் எட்டாத இடத்தில். விழுங்கினால் உயிராபத்து.

பச்சை லேசர் பூட்டினால் எல்லாவற்றையும்விடச் சுலபம் என்கிறார்களே?

சுலபம்தான். ஆனால் நம் தலைக்கு மேலே கட்டுநாயக்க, இரத்மலானை விமானங்கள் போய்வருகின்றன. விமானியின் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று யோசித்தால் போதும். எங்கள் மாடியில் அனுமதி இல்லை.

சூரியனைப் பார்க்க இதைப் பயன்படுத்தலாமா?

கூடவே கூடாது. குழாயின் வாயில் முறையான சூரிய வடிகட்டி போட்டிருந்தாலும், பக்கத்தில் இருக்கும் வில்லை ஃபைண்டர் மூடியில்லாமல் இருந்தால் அது ஒரு கண்ணை நொடியில் பறித்துவிடும். கழற்றி வைத்துவிடுங்கள். ரெட் டொட் வழியாகப் பார்ப்பதும் சூரியனை நேராக முறைப்பதற்குச் சமம். 2019 டிசம்பர் 26 கிரகணத்தன்று, யாழ்ப்பாணத்தில் சூரியன் வளையமானபோது, இங்கே கொழும்பில் பகுதிதான் மறைந்தது. அன்று நாங்கள் குறிபார்த்தது நிழலை வைத்து: குழாயின் நிழல் நிலத்தில் ஆகச் சிறிதாகச் சுருங்கும்போது அது சூரியனைத்தான் பார்க்கிறது.

பறவைப் படம் எடுக்கும் கமராவில் பூட்டலாமா?

அருமையாக வேலை செய்யும், வானத்தைவிடவும் நன்றாக. 600 மில்லிமீற்றர் வில்லையில், முழுச்சட்டகக் கமராவில், அகலவாக்கில் மூன்றரைப் பாகைகூடத் தெரியாது. தலங்கம குளத்தின் மேல் செம்பருந்து வளைந்து இறங்கும்போது அந்தச் சின்னச் சட்டத்துக்குள் அதைத் தேடிப் பிடிப்பதற்குள் அது மீனோடு போய்விடும். ஃபிளாஷ் பூட்டும் இடத்தில் செருகும் ரெட் டொட்டுகளை ஒலிம்பஸும் நிக்கோனும்கூட விற்றிருக்கின்றன. இரண்டு கண்ணும் திறந்திருப்பதால் பறவை எங்கே திரும்புகிறது என்பதும் தெரியும். இங்கே மட்டும் தாமரைக் கோபுர விதியை மறந்துவிடுங்கள். நீங்கள் வழக்கமாக எடுக்கும் தூரத்தில், 30 மீற்றர் என்றால் 30 மீற்றரில், ஒரு மரக்கிளையை வைத்துச் சரிசெய்யுங்கள்.

தொலைநோக்கியோடு இலவசமாக வந்த பிளாஸ்டிக் ரெட் டொட்டை எறிந்துவிடலாமா?

எறியாதீர்கள். ஆடினால் அடியில் ஒரு மடித்த கடதாசித் துண்டைச் செருகி இறுக்குங்கள். வெளிச்சம் கூடுதல் என்றால் எல்ஈடிக்கு முன்னால் கறுப்பு மார்க்கரால் ஒரு பூச்சுப் பூசிய ஒட்டுநாடாத் துண்டு. ஒரு பருவம், டிசம்பரிலிருந்து மார்ச் வரை, அதையே வைத்துப் பாருங்கள். ரோகிணியையும் திருவாதிரையையும் பிடித்து, நிலாவில் அலுத்து, "பூசம் எங்கே?" என்று நீங்களாகவே கேட்கத் தொடங்கும்போது 9×50க்குக் காசு எடுங்கள்.